மேஸ்திரிக்குக் கடைசித் தொகை கொடுக்கும் முன்: கடை பாக்கி உங்கள் வாசலுக்கு வராமல் இருக்க

மராமத்து முடிந்து மேஸ்திரிக்கு முழுப் பணமும் கொடுத்த பிறகு, ஹார்டுவேர்ஸ் கடைக்காரர் வந்து "உங்க வீட்டுக்கு எறக்குன சரக்குக்கு எம்பதாயிரம் பாக்கி" என்று நிற்பதுண்டு. மேஸ்திரிகள் கடையில் கணக்கு வைத்து, ஒரு வீட்டுப் பணத்தில் இன்னொரு வீட்டுக் கடனை அடைத்து ஓட்டுகிறார்கள். நடுவில் ஓசூரிலோ பெங்களூரிலோ பெரிய வேலை கிடைத்தால் ஆள் கிளம்பிவிடுவார், பாக்கி இங்கே நிற்கும்.

முதலில் சட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் கூலி, சரக்குப் பாக்கிக்காக வீட்டின் மீதே உரிமை பதிந்துவிடலாம். நம் ஊரில் மேஸ்திரியோ கடைக்காரரோ நேராகச் சார்பதிவாளர் அலுவலகம் போய் அப்படி வில்லங்கம் ஏற்ற முடியாது. சிவில் கோர்ட்டில் வழக்குத்தான் போட வேண்டும். வேலை முடிந்த நாளிலிருந்தோ சரக்கு இறங்கிய நாளிலிருந்தோ பொதுவாக 3 ஆண்டு அவகாசம். தீர்ப்பு வருவதற்குள் சொத்தைக் கைமாற்றிவிடப் பார்க்கிறீர்கள் என்று கோர்ட் நம்பினால் முன்ஜப்தி உத்தரவு (தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கி வைப்பது) போடலாம். அது வில்லங்கச் சான்றில் ஏறும். அப்புறம் விற்கவும் வங்கிக் கடன் வாங்கவும் சிக்கல்.

ஆனால் கடைக்காரர் யாரை நம்பிக் கடன் கொடுத்தாரோ அவரிடம்தான் கேட்க முடியும். அந்த ஆள் நீங்கள் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். இரண்டு இடத்தில் வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, சிமெண்ட் லோடு இறங்கும்போது செல்லானில் (சரக்கோடு வரும் சீட்டில்) போடும் கையெழுத்து. "மேஸ்திரி கணக்குக்கு வந்த சரக்கு, எண்ணிப் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பில் உங்கள் பெயரில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, போனில் "அனுப்புங்க, அவர் தரலைன்னா நான் தர்றேன்" என்று சொல்வது. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன் வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும். அந்த வார்த்தையை எந்தக் கடைக்காரரிடமும் சொல்லாதீர்கள்.

கையில் பணம் நிற்கும் வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. 6 லட்சம் வேலை என்றால் 60,000 ரூபாயை நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாதி, கடை பாக்கி தீர்ந்ததும். மீதி, ஒரு ஐப்பசி மழை தாண்டியதும்.

கடைசி வாரத்தில் மேஸ்திரியிடம் சரக்கு எடுத்த எல்லா இடத்தையும் எழுதி வாங்குங்கள்: சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி, செங்கல் சூளை, டைல்ஸ், பர்கூர் பக்கம் கிரானைட் எடுத்திருந்தால் அந்தப் பட்டறை, எலக்ட்ரிக்கல், பெயிண்ட். எல்லோரும் மறப்பது வாடகைச் சாமான்: சென்ட்ரிங் ஷீட், ஜாக்கி, சாரக் கம்பு, மிக்ஸர் மெஷின். இவை உங்கள் வீட்டில் கிடக்கக் கிடக்க வாடகை ஏறும். காணாமல் போனால் உங்களைத்தான் கேட்பார்கள். திருப்பி அனுப்பிய சீட்டை வாங்கி வையுங்கள். பிறகு ஒவ்வொரு கடைக்கும் நீங்களே போய், "இந்தத் தேதி வரை இந்த வீட்டு வேலைக்குப் பாக்கி இல்லை" என்று கடை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். மேஸ்திரி கொண்டுவந்து தரும் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

பாக்கி இருந்தால் மேஸ்திரியிடம் பணம் தராமல் கடைக்கே வங்கி வழியாகக் கட்டுங்கள். அதற்கு முன் "இந்தக் கடைக்கு இவ்வளவு கொடுத்து என் கூலிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும்" என்று மேஸ்திரி கையெழுத்து வேண்டும். இது இல்லாவிட்டால் அதே தொகையை அவர் மறுபடியும் கேட்பார்.

கூலிக்குச் சனிக்கிழமை பட்டுவாடாவின்போது நேரில் நில்லுங்கள். டைல்ஸ் ஆள், பெயிண்டர், வெல்டிங்காரர் எனத் தனித்தனி குழு வந்திருந்தால் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். சித்தாள் கூலி நிற்கக் கூடாது. அது அவர்கள் வீட்டு அடுப்பு.

மொட்டைமாடியில் 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம், பாத்ரூமில் 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி சுவிட்சின் சோதனைப் பட்டனை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். குறை இருந்தால் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தொகை போட்டு நிறுத்துங்கள். காரணம் சொல்லாமல் மொத்தத்தையும் நிறுத்தினால் வழக்குக்கு நீங்களே வழி செய்ததாகும்.

எல்லாம் சரி என்றால் ரசீது. 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. வாசகம் இப்படி இருக்கலாம்:

"மேற்படி வீட்டு மராமத்து வேலைக்கான தொகை, மழைக்காலப் பிடித்தம் நீங்கலாக, முழுவதும் பெற்றுக்கொண்டேன். சரக்கு, வாடகை, கூலி பாக்கி எதுவும் இல்லை. யாரேனும் கேட்டால் நானே பொறுப்பு."

இரண்டு சாட்சி, ஆதார் நகல். ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. செக் அல்லது வங்கிப் பரிமாற்றமே உங்களுக்கும் ஆதாரம்.

அப்படியும் கடைக்காரர் வந்தால், யார் பெயரில் பில், யார் கையெழுத்து என்று பார்த்து நகல் வாங்குங்கள்; அன்றைக்கே எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வழக்குக்கு முன்பே சமரசம் பேச தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் மேஜையில் போட்டு வைக்காமல், குறிப்பிட்ட கெடுவுக்குள் ரசீது நகலோடு பதில் அனுப்புங்கள்.