வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பாதீர்கள்

ஆர்வி எனப்படும் வீட்டு வண்டியில் குடியிருந்துகொண்டு, லேப்டாப்பில் வேலையும் பார்த்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றி வருகிறவர்களிடம் பேசினால் ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழும். யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இரண்டு வாரம் கிடந்தோம், உருப்படியாக ஒரு நாள்கூடச் சுற்றிப் பார்க்கவில்லை என்பார்கள். ஏன் என்றால் ஆபீஸ் வேலை என்று பதில் வரும். கொஞ்சம் கிளறிக் கேட்டால் ஆபீஸ் மேல் பெரிய தப்பு இருக்காது. சனி ஞாயிறு இரண்டையும் வீடுதான் விழுங்கியிருக்கும். கழிவு டேங்க் காலி செய்தது, சமையல் கேஸ் நிரப்பியது, துணி துவைத்தது, அடுத்த ஊருக்கு வண்டியை நகர்த்தியது. ஓட்டலில் தங்கிச் சுற்றுகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நாம் வீட்டோடு அலைகிறோம், அதனால் நாம் செய்கிற தவறுகளும் வேறு மாதிரி.

லீவு நாளிலேயே வண்டியை நகர்த்துவது

தலையாய தவறு இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடியதும் மேப்பைத் திறந்து, அடுத்த இடம் 300 மைல், ஐந்து மணி நேரம், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், அப்புறம் அரை நாள் சுற்றலாம் என்று கணக்குப் போடுவார்கள். அந்த ஐந்து மணி நேரம் காருக்கான கணக்கு. பின்னால் கட்டி இழுக்கிற வீட்டு ட்ரெய்லருக்குப் போடுகிற பல டயர்களுக்கு மணிக்கு 65 மைல்தான் உச்சவேகம். கலிஃபோர்னியாவில் பின்னால் எதையாவது இழுத்துக்கொண்டு போனாலே சட்டப்படி 55-தான். காலையில் தண்ணீர் பைப், கழிவு பைப், கரண்ட் கேபிள் எல்லாம் கழற்றி, சுவரிலிருந்து வெளியே நீள்கிற அறைப் பகுதியான ஸ்லைடு-அவுட்டை உள்ளே இழுத்து, ஃபிரிட்ஜ் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, கூரை ஜன்னலைச் சாத்தி, படியை மடக்கி, பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்வதற்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். கழிவு டேங்கைக் காலி செய்கிற டம்ப் ஸ்டேஷனில் முன்னால் நாலு வண்டி நின்றால் இன்னும் முக்கால் மணி. போய்ச் சேர்ந்த இடத்தில் வண்டியை மட்டமாக நிறுத்தி இதையெல்லாம் தலைகீழாகத் திரும்பச் செய்ய வேண்டும். சனிக்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மளிகையும் துணியும். திங்கட்கிழமை காலை மீட்டிங்.

ஆர்விக்காரர்கள் மத்தியில் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மதியம் மூன்று மணிக்குள் போய்ச் சேர், போன இடத்தில் குறைந்தது மூன்று நாள் இரு. ஓய்வு பெற்றவர்களுக்கு அது சரி. வேலை பார்க்கிறவர்களுக்கு மூன்று நாள் போதாது, இரண்டு வாரமாவது ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு வார இறுதி வண்டி நகர்த்த, அடுத்த வார இறுதி முழுக்க ஊர் பார்க்க. ஆர்வியை வாடகைக்கு நிறுத்தித் தங்குகிற பார்க்குகளில் நாள் வாடகையைவிட வார வாடகையும் மாத வாடகையும் பெரும்பாலும் மலிவு. கூட்டாட்சி அரசின் நில நிர்வாகத் துறையான பிஎல்எம்மின் நிலத்தில் இலவசமாகத் தங்குகிறவர்களுக்கும் பெரும்பாலான இடங்களில் 28 நாளுக்குள் 14 நாள் என்பதுதான் வரம்பு, இந்தக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும்.

வீட்டையே பார்க்கிங்குக்கு ஓட்டிப் போவது

மோட்டர்ஹோம், அதாவது தானே ஓடுகிற வீட்டு வண்டி, வைத்திருப்பவர்கள் செய்வது இது. தனியாகக் கார் எதற்கு, வண்டியே ஓடுகிறதே என்று தோன்றும். மேற்கு மாநிலங்களின் பெரிய பூங்காக்களுக்குப் போனால்தான் எதற்கு என்று புரியும்.

சயானை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் திறந்த சுரங்கச் சாலை, ஒரு மைலுக்குச் சற்று அதிகம், அந்தக் காலத்துக் காருக்காகக் குடைந்தது. 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமோ 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் வளைவில் எதிர்த்தடத்துக்குள் போகாமல் ஓட்ட முடியாது. அதனால் பல வருடமாக 15 டாலர் வாங்கிக்கொண்டு, எதிரே வரும் வண்டிகளை நிறுத்தி, பெரிய வண்டிகளை நட்டநடுவே விட்டார்கள். 2026 ஜூன் முதல் அதுவும் கிடையாது, பெரிய வண்டிகள் சுற்று வழியில்தான் போக வேண்டும் என்று பூங்கா அறிவித்திருக்கிறது. பழைய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கிழக்கு வாசலுக்குப் போய் நிற்கிறவர்கள் பாவம். மேற்குப் பக்கம் வந்தாலும் முக்கியமான பள்ளத்தாக்குச் சாலையில் ஷட்டில் பஸ் ஓடும் மாதங்களில் தனியார் வண்டிக்கே அனுமதியில்லை, கார் ஆனாலும் சரிதான்.

மான்டானாவின் கிளேசியர் பூங்காவில் மலையைத் தாண்டுகிற கோயிங்-டு-த-சன் சாலையில் அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டைத் தாண்டிய மலைப் பகுதியில் 21 அடி நீளத்துக்கு மேல், கண்ணாடியையும் சேர்த்து 8 அடி அகலத்துக்கு மேல் எதுவும் போகக் கூடாது. நீளத்தை எல்லோரும் பார்ப்பார்கள், கண்ணாடியை மறப்பார்கள். பின்னால் காரைக் கட்டி இழுத்து வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்கிற காரோடு ரிவர்ஸ் எடுக்க முடியாது, சில அடி நகர்த்தினாலே முன்சக்கரம் திருகிக்கொள்ளும். தவறான சந்தில் நுழைந்துவிட்டால் நடுரோட்டில் காரைக் கழற்றி, வண்டியைத் திருப்பி, மறுபடி மாட்ட வேண்டியதுதான். பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடிப்பதைக் காதில் வாங்காமல்.

உயரம் பற்றி இன்னொன்று. வண்டியின் உண்மையான உயரம் என்பது கூரையில் இருக்கிற ஏசியின் உச்சி வரைக்கும். கையேட்டில் உள்ள எண்ணை நம்பாமல் டேப் வைத்து ஒரு முறை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். சாதாரண கார் ஜிபிஎஸ் பாலத்தின் உயரத்தைக் கணக்கில் எடுக்காது. வட கரோலினாவின் டர்ஹமில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று லாரிக் கூரைகளை வழித்தெடுத்தே உலகப் புகழ் பெற்றது. 2019-இல் எட்டு அங்குலம் உயர்த்தினார்கள், அப்புறமும் வண்டிகள் இடிக்கின்றன. பல ட்ரெய்லர்கள் 12 அடிக்கு மேல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரைப் பக்கம் போகிறவர்களுக்குக் கேஸ் சிலிண்டர்தான் தலைவலி. பால்டிமோரில் துறைமுகத்துக்கு அடியில் போகிற இரண்டு சுரங்கங்களிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட சிலிண்டரோடு நுழையக் கூடாது, ட்ரெய்லர் மூக்கில் இருப்பதோ வழக்கமாக 20 அல்லது 30 பவுண்டு. முன்பெல்லாம் துறைமுகத்துக்கு மேலே போகிற கீ பாலம் வழியாகப் போய்விடுவார்கள். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்த பிறகு 695 சுற்றுச்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். கேஸ் வால்வை மூடிவிட்டேனே என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

வீட்டை அப்படியே போட்டுவிட்டுப் போவது

சரி, வீட்டைக் கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டுக் காரில் போகிறீர்கள். அங்கேயும் இடறுகிற இடங்கள் உண்டு.

யூட்டாவின் மோவாப் ஊரில் ஒரு மத்தியானம் பார்த்தது. வானம் பளிச்சென்று இருந்தது, இலை அசையவில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் வண்டிப் பக்கவாட்டில் நிழலுக்கு நீட்டுகிற ஆனிங் துணியை முழுசாக விரித்து வைத்துவிட்டு ஆர்ச்சஸ் பூங்காவுக்கு நடக்கப் போயிருந்தார்கள். மூன்று மணி வாக்கில் செம்மண்ணை அள்ளிக்கொண்டு ஒரு காற்று வந்தது பாருங்கள், துணி பாய்மரம் மாதிரி உப்பி, இரண்டு அலுமினியக் கைகளும் மேல்நோக்கி மடங்கி, மொத்தமும் கூரை மேல் போய் விழுந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிப்போய்க் கயிறு போட்டுக் கட்டினோம், கிழிந்த துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் திரும்பி வந்தது பொழுது சாய்ந்த பிறகு. பாலைவனத்தில் காலை வானத்தைப் பார்த்து மத்தியானத்தை முடிவு செய்யாதீர்கள். ஆள் இல்லாவிட்டால் ஆனிங் உள்ளே இருக்கட்டும்.

வெளிக் குழாயை மூடிவிட்டுப் போவது ஐந்து விநாடி வேலை. உள்ளே ஒரு இணைப்பு நழுவினால் நீங்கள் மலையேறிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கத் தண்ணீர் தரைக்குள் இறங்கும்.

நாய் பூனை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியில்லை, அதனால் ஏசியைப் போட்டு வண்டியிலேயே விட்டுப் போகிறார்கள். கோடை மத்தியானம் கேம்ப்கிரவுண்டு முழுக்க ஒரே நேரத்தில் ஏசி ஓடும்போது வோல்டேஜ் விழும், 30 ஆம்ப் பிரேக்கர் தட்டிக்கொள்ளும். தகர டப்பாவுக்குள் சூடு ஏற அதிக நேரம் ஆகாது. வெப்பநிலையைப் போனுக்குச் சொல்கிற கருவி விற்கிறார்கள், ஆனால் வைஃபையை நம்பி ஓடுகிறதை வாங்கினால் கரண்ட் போனதும் ரவுட்டரும் செத்துவிடும், தேவைப்படுகிற நேரத்தில் செய்தி வராது. சொந்த சிம்மும் சொந்த பேட்டரியும் உள்ளதை வாங்குங்கள். அப்படி இருந்தாலும், செய்தி வந்தால் அரை மணிக்குள் திரும்பி வரக்கூடிய தூரத்துக்கு மேல் போகாதீர்கள். டெத் வேலி மாதிரி இடங்களுக்கு நாயோடு கோடையில் போகவே வேண்டாம், 1913-இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் அது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்ப்பது

யெல்லோஸ்டோன் பூங்காவில் 8 என்ற எண்ணின் வடிவத்தில் ஒரு சாலை, மொத்தம் 142 மைல். வேகம் பெரும்பாலும் மணிக்கு 45 மைலுக்கு மேல் கிடையாது, நடுவில் காட்டெருமைக் கூட்டம் ரோட்டில் படுத்தால் அது எழுந்திருக்கும் வரை நாமும் உட்கார வேண்டியதுதான். இதை ஒரு சனிக்கிழமையில் சுற்றி முடித்தவர்களின் போனில் எல்லாப் படமும் இருக்கும், எது எங்கே எடுத்தது என்றுதான் சொல்ல வராது. ஓட்டலுக்குக் காசு கட்டி வந்தவருக்கு அந்த அவசரம் நியாயம். நாம் பத்து நாள் பக்கத்திலேயே இருக்கப் போகிறோம், அப்புறம் என்ன ஓட்டம்?

பெரிய பூங்காக்களில் காருக்கு 35 டாலர் கட்டினால் அந்தச் சீட்டு ஏழு நாள் செல்லும். இதைக் கவனிக்காமல் ஒரே நாளில் முடிக்கத் துடிக்கிறவர்கள் நிறையப் பேர். வருட பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வசிப்பதைக் காட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மூன்று பூங்கா போனாலே போட்ட காசு வந்துவிடும்.

கிழக்குக் கரை ஆபீஸ் நேரத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் கையில் இருக்கும் சொத்து வேறு யாருக்கும் கிடையாது. அங்கே ஒன்பது முதல் ஐந்து என்றால் கிளேசியரில் ஏழு முதல் மூன்று. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய ஒன்பதரை தாண்டும். வேலை முடிந்த பிறகு ஆறு மணி நேர வெளிச்சம்! காலையில் நிரம்பி வழிந்த பார்க்கிங்கும் சாயங்காலம் காலியாகத் தொடங்கியிருக்கும். இதை விட்டுவிட்டு சனிக்கிழமை பத்து மணிக்கு ஊரோடு சேர்ந்து வாசலில் நிற்பானேன்? ஆபீஸில் ஒத்துக்கொண்டால் லீவையே செவ்வாய் புதன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். திங்கள் வேண்டாம், பல மியூசியங்கள் மூடியிருக்கும்.

அனுமதிச் சீட்டு விஷயத்தில் மட்டும் முன்யோசனை வேண்டும். சயானின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டில் ஏற 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் பெயர் வர வேண்டும். யோசெமிட்டி, ஆர்ச்சஸ் மாதிரி இடங்களில் உள்ளே நுழையும் நேரத்துக்கான முன்பதிவு ஒரு வருடம் இருக்கும், அடுத்த வருடம் இருக்காது. போன வருடம் போய் வந்தவர் சொன்னதை நம்பாமல் பூங்காவின் அதிகாரப்பூர்வ தளத்தில் அந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரமும் சிக்னலும்

அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை. ஆனால் அதற்குள்ளேயே இருக்கிற நவஹோ தேசம் என்ற பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதி தள்ளும். அதனால் கோடையில் நவஹோ தேசத்துக்கு வெளியே உள்ள பேஜ் ஊரில் எட்டு மணி என்றால் அதற்குள்ளே உள்ள மான்யுமென்ட் வேலியில் ஒன்பது. போதாக்குறைக்கு பேஜ் யூட்டா எல்லையை ஒட்டி இருப்பதால் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். காலையில் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுப் பத்து மணி மீட்டிங்குக்கு வந்துவிடலாம் என்று போகிறவர்கள் இங்கே நன்றாக மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பக்கம் இருக்கும் நாட்களில் போனில் தானாக நேரம் மாறுவதை நிறுத்தி, ஆபீஸ் காலண்டரை ஆபீஸ் ஊரின் நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு போகிற சுற்றுலா பதிவு செய்தால் எந்த நேரக் கணக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள்.

சிக்னலைச் சோதிக்க வேண்டியது போய்ச் சேர்ந்த அன்றே. திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு செயற்கைக்கோள் இன்டர்நெட்டுக்கான ஸ்டார்லிங்க் தட்டை எடுத்து வெளியே வைத்து, மேலே பைன் மரம் வானத்தை மறைக்கிறது என்று அப்போதுதான் பார்ப்பது பெரிய கொடுமை. நிழலான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவது உடம்புக்குச் சுகம், இன்டர்நெட்டுக்கு எமன். முன்பதிவு செய்யும்போதே திறந்த வானம் உள்ள இடமாகக் கேளுங்கள், அல்லது தட்டைத் தூரத்தில் வைக்க நீளமான கேபிள் ஒன்று வாங்கி வையுங்கள்.

மீதி இருப்பது துணி. அதைப் புதன்கிழமை ராத்திரி போடுங்கள். கேம்ப்கிரவுண்டு லாண்டரியில் ஞாயிறு சாயங்காலம் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒரு கூடை வரிசையில் இருக்கும், புதன்கிழமை பெரும்பாலும் ஆளே இருக்காது.