ஒரே ஐபியில் மொத்த வளாகம்: 429 பிழை தீர்ந்த விதம்

காரைக்குடிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு கிட்லேப் சர்வர். காலையில் ஒழுங்காக ஓடும் பைப்லைன் (கோடைத் தானாகச் சோதிக்கும் வேலைத்தொடர்), மத்தியானம் லேப் நேரத்தில் 429 பிழையோடு, அதாவது 'அளவுக்கு மேல் கேட்கிறாய்' என்ற பதிலோடு, நின்றுவிடும். அந்த வேலைகளை ஓட்டும் ரன்னரைத் திட்டிப் பயனில்லை. ஜாப்களுக்கு வேண்டிய இமேஜ்கள் (தயார் மென்பொருள் பொதிகள்) டாக்கர் ஹப் என்ற பொதுக் கிடங்கிலிருந்து வருகின்றன. லாகின் செய்யாமல் எடுத்தால், ஒரு ஐபிக்கு 6 மணி நேரத்துக்கு 100 புல்தான் (இறக்கம்). வளாகம் முழுக்க நேட்டுக்குப் பின்னால் (எல்லாக் கணினியும் வெளியே ஒரே முகவரியில் தெரியும் ஏற்பாடு) ஒரே ஐபி என்றால் இரண்டு வகுப்புக்கே காணாது.

தீர்வு, உள்ளேயே ஒரு மிரர், அதாவது ஒருமுறை எடுத்த இமேஜைச் சேமித்துத் தரும் நகல் கிடங்கு. கடைக்கு ஓடாமல் வீட்டில் குதிர் வைத்துக்கொள்கிற கதைதான். இமேஜ் கிடங்காக ஓடும் 'ரெஜிஸ்ட்ரி' இமேஜை 5000 போர்ட்டில் ஓட்டி, ப்ராக்ஸியின் ரிமோட் முகவரியாக டாக்கர் ஹப்பைக் கொடுத்தேன். ஒவ்வொரு ரன்னர் மெஷினிலும் டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன்.ஜேசனில் 'ரெஜிஸ்ட்ரி-மிரர்ஸ்' என்ற இடத்தில் மிரர் முகவரி. பிறகு டாக்கர் ரீஸ்டார்ட். ஒரு கமா பிசகினாலும் டாக்கர் எழுந்திருக்காது.

அப்படியும் சில ஜாப்களில் 429 வந்தது. எல்லாமே டாக்கருக்குள் டாக்கர் ஓட்டுபவை. உள்ளே ஓடுவது தனி டீமன் (டாக்கரின் பின்னணி நிரல்), வெளியிலுள்ள டீமன்.ஜேசனை அது பார்ப்பதே இல்லை. அந்த உள் டாக்கரைக் கிளப்பும் சர்வீஸ் கமாண்டிலேயே மிரர் முகவரியைத் தனியாகத் தர வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மிரரில் சொந்த ஹப் கணக்கைப் போட்டால், அந்தக் கணக்கின் பிரைவேட் இமேஜ்களை வளாகத்தில் யாரும் எடுக்கலாம். அதற்கென்று வெறும் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

ரன்னரின் புல் பாலிசியை 'இஃப்-நாட்-பிரசென்ட்' (கையில் இல்லாவிட்டால் மட்டும் எடு) ஆக்கினால் சுமை இன்னும் குறையும். அப்போது இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' டேக் (பதிப்புப் பெயர்) மட்டும் வேண்டாம். பழைய இமேஜே மாசக்கணக்கில் ஓடும்.