கர்ணபரம்பரைக் கதை: இந்தச் சொல்லை எங்கே, எப்படிப் போடுவது?

வடசென்னையில் திருவொற்றியூர்ப் பக்கம் உள்ள காலடிப்பேட்டையில், கோயில் அருகே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஊர்ப் பெயருக்குக் காரணம் கேட்டேன். "சாமி காலடி பட்ட எடம் நைனா" என்றார், நாரிலிருந்து கண்ணை எடுக்காமல். இதை எப்படி எழுதுவது? கட்டுக்கதை என்றால் அவரைப் பொய்யர் ஆக்கிவிடுவோம். வரலாறு என்றும் எழுத முடியாது. இந்த இடத்துக்கென்றே ஒரு பழைய சொல் இருக்கிறது: கர்ணபரம்பரை.

முதலில் சொல்லைப் பிரியுங்கள். வடமொழியில் கர்ணம் என்றால் காது. மகாபாரதக் கர்ணனுக்கு இதில் வேலை இல்லை (பள்ளியில் நான் அவன் வம்சக் கதை என்றுதான் நினைத்திருந்தேன்). பரம்பரை தெரிந்ததே. ஏட்டில் ஏறாமல், காது மாறிக் காது தலைமுறைகளாக வந்தது என்று பொருள்.

அடுத்து, வயதைப் பாருங்கள். நேற்று வாட்ஸப்பில் வந்தது வதந்தி. 'செவிவழிச் செய்தி' போன வாரப் பேச்சுக்கும் பொருந்தும். கர்ணபரம்பரைக்குப் பாட்டியின் பாட்டியாவது வேண்டும்.

அப்புறம்தான் கஷ்டமான படி: ஆவணத்தையும் கதையையும் பிரிப்பது. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் இங்கே நெசவாளர்களைக் குடியமர்த்தினார். காலெட்பேட்டை மருவிக் காலடிப்பேட்டை ஆனது. இதற்குக் கர்ணபரம்பரை என்று போட்டால் தப்பு. ஆனால் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் பற்றி இப்படி எழுதலாம்: "காஞ்சி வரதரைச் சேவிக்கத் தினமும் போய் வந்த தன் ஊழியருக்காகவே காலெட் இக்கோயிலைக் கட்டினார் என்று கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்கிவருகிறது." 'வழங்கிவருகிறது' இந்தச் சொல்லுக்கு வாய்த்த ஜோடி. 'நிரூபிக்கப்படாத' என்று தனியாக ஒட்ட வேண்டாம். நான் சாட்சி இல்லை, ஆனால் தள்ளவும் இல்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இது பிடிக்கக் காரணமும் அதுதான்.

ஒற்றெழுத்தை மறக்காதீர்கள்: கர்ணபரம்பரைக் கதை, கர்ணபரம்பரைச் செய்தி. தனித்தமிழ் வேண்டுமென்றால் 'செவிவழிச் செய்தி'யோடு 'வழிவழியாக' சேர்த்து எழுதுங்கள், சரியாக வரும்.

சரி, ஒரு பயிற்சி. பட்டினத்தார் கையிலிருந்த, கசக்கும் பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்ததாம். அங்கேயே முக்தி அடைந்தாராம். அவர் சமாதி கடலோரம் இன்றும் இருக்கிறது. இந்த மூன்றில் எதெதற்குக் கர்ணபரம்பரை போடுவீர்கள்?