வீட்டுக்கு ஆளுங்க வந்தா தேத்தண்ணி எப்படி கலக்குறது

நம்ம கேஎல் (கோலாலம்பூர்) வீடுங்கள்ல தீபாவளிக்கு எல்லாரையும் கூப்புடுற ஓப்பன் ஹவுஸோ சும்மா ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வர்றதோ, ஹால்ல எட்டு பேரு இருந்தா எட்டு விதமா கேப்பாங்க. மாமாவுக்கு இனிப்புநீர் வியாதி, அதனால தே ஓ கொசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி. அத்தைக்கு எவாப்பரேட்டட் பால் ஊத்துன தே சி, கொராங் மானிஸ், அதாவது இனிப்பு கம்மியா. பசங்களுக்கு நுரை தளும்ப இழுத்து ஆத்துன பால் தேத்தண்ணி, தே தாரேக். அதனால மொதல்ல வாய தொறந்து கேளுங்க, அப்புறம் அடுப்ப பத்த வைங்க. பால், சீனி எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டி கொதிக்க வைக்கிறது ஊர்ல பசும்பாலுக்கு சரி, நம்ம டின் பாலுக்கு (இனிப்பு கண்டென்ஸ்ட் மில்க்) வேணாம் லா. தேயிலைச் சாயத்த மட்டும் ஒரே சட்டியில கெட்டியா எறக்கிடுங்க, மத்ததெல்லாம் கப்புல பாத்துக்கலாம்.

தூள் தேயிலைதான் வாங்கணும். தூள் பொடியா இருக்கிறதால சாயம் சீக்கிரம் எறங்கும், கெட்டியாவும் இருக்கும், டின் பால் ஊத்துனாலும் தேயிலை ருசி அமுங்காது. டீ பேக் ஒன்ன முக்கி எடுத்து அதுல டின் பால் கலந்தா வெறும் பால் தண்ணிதான். போ (BOH) கம்பெனி தூள் எந்த சாமான் கடையிலயும் கெடைக்கும், 1929ல ஜே.ஏ. ரஸல் கேமரன் மலையில ஆரம்பிச்ச தோட்டம் அது, அந்த மலையில கொழுந்து கிள்ளுனதுல நம்மாளுங்க எத்தனையோ பேரு.

கப்புக்கு ஒரு டீஸ்பூன் குவிச்சு, சட்டிக்குன்னு ஒன்னு கூட. தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்சதும் அடுப்ப அணைச்சிட்டு தூள போட்டு மூடி வச்சிடுங்க, நாலு இல்ல அஞ்சு நிமிஷம் போதும். தூளோட சேத்து கொதிக்க விட்டுக்கிட்டே இருந்தா கசப்பு எறங்கி நாக்கு வறண்டு போயிடும், அப்புறம் எவ்வளவு சீனி போட்டாலும் சரி வராது. மாமாக் கடையில (நம்ம தமிழ் முஸ்லிம்காரங்க சாப்பாட்டுக் கடை) தொங்குதே நீளமா துணி வடிகட்டி, அது பாத்திரக் கடையில கெடைச்சா வாங்கி வைங்க, தூளுக்கு கம்பி வடிகட்டிய விட அதுதான் நல்லா வடிக்கும். சோப்பு மட்டும் போட்டுடாதீங்க, வாசனை துணியில தங்கிடும், சுடுதண்ணியில அலசி காய வச்சா போதும்.

இப்ப கப்பு. தே ஓ கேட்டவங்களுக்கு சாயம் கொஞ்சம், சுடுதண்ணி ஊத்தி எளசாக்கி குடுங்க. தே சிக்கு எவாப்பரேட்டட் பால், அதுல சீனி சேக்க மாட்டாங்க, அதனால இனிப்பு எவ்வளவுன்னு கேட்டு தனியா போடணும். தே தாரேக்குக்கு டின் பால் கப்புக்கு ரெண்டு ஸ்பூன், அதுலயே சீனி நெறைய இருக்கு, மேல வேற சீனி கொட்டாதீங்க. டின்ன வாங்கும்போது லேபிள பாருங்க, இப்ப நெறைய டின்னு பாமாயில் கலந்த கிரீமர்தான், வெல கம்மி, ஆனா ருசியில தெரிஞ்சிடும். மூடியில எதிரெதிரா ரெண்டு ஓட்டை போட்டா பால் தடையில்லாம வரும், மிச்சத்த கண்ணாடி பாட்டில்ல ஊத்தி பிரிட்ஜ்ல வைங்க. மேசையிலயே விட்டுட்டு போனீங்கன்னா எறும்பு முந்திக்கும்.

தே தாரேக் இழுக்குறதுக்கு பிடி வச்ச பெரிய மங்கு ரெண்டு வேணும். பால் அடியில ஒட்டாம மொதல்ல நல்லா கலக்கிடுங்க. மங்குல பாதிக்கு மேல ஊத்தாதீங்க, மொத தடவ ஒரு சாண் ஒயரத்துல ஊத்தி அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கைய ஒசத்துங்க, கண்ணு கீழ இருக்கிற மங்கு மேலயே இருக்கணும். அஞ்சாறு தடவ போதும், சூடு குடிக்கிற பதத்துக்கு எறங்கி நுரை கெட்டியா நிக்கும். சிங்க் மேல நின்னு பண்ணுங்க, சின்ன பசங்கள அடுப்படிக்குள்ள விடாதீங்க. இழுத்ததும் உடனே குடுத்திடணும்.

யாராச்சும் தே ஹாலியா (இஞ்சி தேத்தண்ணி) கேட்டா இஞ்சிய தட்டி தூளுக்கு முன்னாடியே தண்ணியில போட்டு நல்லா கொதிக்க விடுங்க, பச்ச இஞ்சிய பால்ல போட்டா திரிஞ்சிடும்.

சாயம் மிஞ்சிடுச்சுன்னா ஆற வச்சு, சீனி, ஐஸ் போட்டு லிமாவ் காய் (சின்ன எலுமிச்சை) புழிஞ்சா மத்தியானத்துக்கு தே ஓ ஐஸ் லிமாவ் ரெடி, பால் கலந்த தேயில மட்டும் லிமாவ் புழிஞ்சிடாதீங்க.