மோனேயோட அல்லிக்குளம்: ஒரு படம் தர்ற உணர்வ, அதாவது அதோட மூட எப்படிப் படிக்கிறது

இம்ப்ரெஷனிஸ்ட் (வெளிச்சத்தையும் கலரையும் சின்னச் சின்ன பிரஷ் தீட்டல்ல பிடிக்கிற ஓவியப் பாணி) தோட்டப் படத்தப் பாத்தா "அமைதியா இருக்கு"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுறோம், ஆனா அந்த அமைதி படத்துல எந்த இடத்துல இருந்து வருதுன்னு விரல் வச்சுக் காட்டணும், அப்பத்தான் படிச்சதா அர்த்தம். பிரெஞ்சு ஓவியர் கிளாத் மோனே 1899ல வரைஞ்ச அல்லிக்குளத்தையே எடுத்துக்கலாம், "பச்சை ஹார்மனி" (பச்சை நிற இசைவு)ன்னு சொல்லுவாங்க, பாரிஸ் ஓர்சே மியூசியத்துல இருக்கு, நெட்ல பெரிய சைஸ்ல தேடி எடுங்க.

முதல்ல வானத்தத் தேடுங்க. கிட்டத்தட்ட இல்லவே இல்ல, மேல வரைக்கும் இலைதான். குளத்துக்கு மேல போற பாலத்தோட ரெண்டு முனையும் ஓரத்துல வெட்டுப்பட்டுப் போகுது, எங்க ஏறி எங்க இறங்குறதுன்னே தெரியாது. அதனால கண்ணு வெளிய போக வழியில்லாம குளத்துக்குள்ளயே சுத்துது. அமைதியோட ஒரு அடைபட்ட உணர்வும் இருக்கு பாருங்க, அது இதால வர்றதுதான்.

அடுத்து பிரஷ் எந்தப் பக்கம் போயிருக்குன்னு பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்டெப் இதுதான். ஜூம் பண்ணுங்க. அல்லி இலையெல்லாம் படுக்கைவாட்டுல குட்டிக் குட்டி ஸ்ட்ரோக், நடுவுல தெரியுற மரத்தோட பிம்பம் மட்டும் மேலருந்து கீழ இறங்குற ஸ்ட்ரோக். தண்ணின்னு தனியா எதையும் வரையல, படுத்த கோடு பரப்பக் காட்டுது, இறங்குற கோடு ஆழத்தக் காட்டுது, ரெண்டும் சேந்த இடத்துல நமக்குத் தண்ணி தெரியுது!

அப்புறம் நிழல். கருப்பத் தேடாதீங்க, அடர்பச்சை, நீலம்னுதான் இருட்டு வரும், அதான் நிழலு கூட குளிர்ச்சியா தெரியுது.

கடைசியா, 1900ல அவரு வரைஞ்ச "ரோஸ் ஹார்மனி"ய பக்கத்துல வைங்க, அதுவும் ஓர்சேலதான் இருக்கு. அதே குளம், அதே பாலம், ஆனா கலர் சூடேறுனதும் மூடே வேற.

ஒண்ணு சொல்லணும், "அவருக்குக் கண்ணுல பிரச்சனை, அதான் மங்கலா வரைஞ்சாரு"ன்னு நிறைய பேரு எழுதுறாங்க. கேட்டராக்ட்னு (கண்புரை) டாக்டர் சொன்னது 1912ல, இந்தப் பச்சைப் படம் அதுக்கு 13 வருஷம் முன்னாடி, அந்தக் காரணத்த இங்க இழுக்காதீங்க. 1893ல அவரு வாழ்ந்த ஜிவெர்னிங்கிற பிரெஞ்சு கிராமத்துல நிலம் வாங்கி அந்தக் குளத்த உருவாக்குனதே அவருதான், எந்தப் பூ எங்க மிதக்கணும்ங்கிற வரைக்கும் யோசிச்ச மனுஷன்.

இப்ப ஒரு பேப்பர்ல மூடுக்கு மூணு வார்த்தை எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல அது எந்த ஸ்ட்ரோக்ல, எந்தக் கலர்ல தெரியுதுன்னு எழுதுங்க, எழுத முடியாத வார்த்தைய அடிச்சுடுங்க.