வெளுத்துப்போன போட் இஞ்சினை வீட்டு வாசலிலேயே பாலிஷ் செய்து மீட்பது எப்படி

இந்த வருடம் ஜனவரியில் மச்சான் ஒரு பழைய 15 குதிரைச்சக்தி யமாஹா டூ-ஸ்ட்ரோக் இஞ்சினை வாங்கி வந்து மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் பிடித்துக்கொள்கிறது. ஆனால் மேல் மூடியில் கை வைத்தால் உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பவுடர், கீழே கியர் பெட்டியில் அங்கங்கே பெயிண்ட் கொப்புளம். பினாங்குப் பக்கம் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், நிற்கும் பாதி இஞ்சின்கள் இப்படித்தான் இருக்கின்றன. பூமத்திய ரேகையிலிருந்து வெறும் 5 டிகிரி வடக்கே இருக்கிறோம், வெயில் நேராகத் தலையில் இறங்குகிறது, கூடவே உப்புக் காற்று. எந்தப் பெயிண்டும் இதற்கு ரொம்ப நாள் தாக்குப்பிடிக்காது.

மூன்று சனிக்கிழமைகளில் அந்த இஞ்சினைச் சரி செய்தோம். இதற்கு முன்னால் இரண்டு இஞ்சின்கள் செய்திருக்கிறேன், அதில் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். இதுவரை பாலிஷ் வேலையே செய்யாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உப்பை இறக்குங்கள்

இஞ்சினை நல்ல மரச் சட்டத்தில் நிமிர்த்தி மாட்டுங்கள். 15 குதிரைச்சக்தி டூ-ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட 36 கிலோ இருக்கும், அதனால் தூக்க இரண்டு பேர் வேண்டும். இஞ்சின் தவறுதலாகக் கூட ஸ்டார்ட் ஆகக்கூடாது, எனவே சிவப்பு பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் வயரையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி இருக்கும் இஞ்சினாக இருந்தால் பேட்டரி இணைப்பையும் எடுக்க வேண்டும்.

அப்புறம் குழாய்த் தண்ணீரில் வெளிப்புறம் முழுவதையும் நனைத்து, பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு மென்மையான துணியால் கழுவுங்கள். மூலைகளில் வெள்ளையாக உப்பு இறுகிப் போயிருந்தால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து தடவி, சில நிமிடத்திலேயே நன்றாக அலசிவிடுங்கள். வினிகர் அமிலம், பெயிண்ட் போன அலுமினியத்தின் மேல் அதை அப்படியே ஊற விடக்கூடாது. மேல் மூடியின் காற்றுத் துளைக்குள் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், அது நேராக கார்புரேட்டர் பக்கம் போகும். ஹை பிரஷர் மெஷின் வைத்திருப்பவர்கள் தயவு செய்து அதை எடுக்கவே வேண்டாம், ஸ்டிக்கர் ஓரமும் கொப்புளமும் பிய்ந்துகொண்டு போகும்.

கழுவாமல் பாலிஷ் போட்டால் உப்புத் துகளையும் மணலையும் வைத்தே தேய்க்கிற கதையாகிவிடும்.

வெளுத்ததா, செத்ததா?

எல்லா வேலைக்கும் முன்னால் இதைத் தீர்மானிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, வெளுத்த இடத்தில் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நனைந்தவுடன் பழைய நிறம் திரும்பி வந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், மேல் தோல் மட்டும்தான் வெயிலில் செத்திருக்கிறது, கீழே பெயிண்ட் உயிரோடு இருக்கிறது. இதற்கு பாலிஷ் போதும். நனைத்தாலும் திட்டுத்திட்டாக, பாம்புச் சட்டை உரிவது போல மேல் படலம் தூக்கிக்கொண்டிருந்தால், அது கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் அடித்திருக்கும் நிறமில்லாத காப்புப் படலம், உரிவது. அதற்கு எந்த பாலிஷும் வேலை செய்யாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி. மறுபடி பெயிண்ட் அடித்துத்தான் ஆக வேண்டும். மூன்றாவது, பெயிண்ட் கொப்புளித்து, நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைப் பவுடர் கொட்டுவது. அங்கே அலுமினியமே அரிக்கத் தொடங்கிவிட்டது.

பெரும்பாலும் மேல் மூடி முதல் வகை, கியர் பெட்டி மூன்றாம் வகை. காரணம் எளிமையானது, மேல் மூடி ஃபைபர் அல்லது கெட்டி பிளாஸ்டிக், அதை வெயில் தின்கிறது. கீழ்ப்பகுதி அலுமினியம், அதை உப்புத் தண்ணீர் தின்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

மேல் மூடிக்கு பாலிஷ்

நிழலில் செய்யுங்கள், மூடி தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலில் சூடான மூடியில் கம்பவுண்டை வைத்தால் தேய்ப்பதற்குள் காய்ந்து கட்டியாகிவிடும். ஸ்டிக்கரின் ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஸ்டிக்கர் மேல் தின்னர், அசிட்டோன் எதுவும் படக்கூடாது, எழுத்து கரைந்துவிடும்.

கம்பவுண்ட், பாலிஷ், வேக்ஸ் மூன்றும் கார் பெயிண்ட் கடையிலேயே கிடைக்கும், போட்டுக்கென்று தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. கம்பவுண்ட் லேசாகச் சுரண்டும், பாலிஷ் அந்தச் சுரண்டலை வழுவழுப்பாக்கும், வேக்ஸ் மேலே ஒரு காப்பாக உட்காரும். வேக்ஸ் மட்டும் போட்டுவிட்டு பளபளப்பு வரவில்லை என்று வருத்தப்படுபவர்கள் நிறைய பேர், செத்த தோலை எடுக்காமல் அதன் மேலேயே வேக்ஸைப் பூசினால் எங்கிருந்து வரும்?

உள்ளங்கை அளவு இடத்தில், யார் கண்ணுக்கும் படாத பின்பக்கத்தில், முதலில் சோதித்துப் பாருங்கள். மைக்ரோஃபைபர் துணியில் ஒரு பட்டாணி அளவு கம்பவுண்ட், சின்னச் சின்ன வட்டமாக, முதலில் அழுத்தி, போகப் போக லேசாகத் தேய்க்க வேண்டும். துணியில் வெள்ளைப் பவுடர் வந்தால் சரியாகப் போகிறது. கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டாக இருந்தால் இஞ்சினின் நிறம் துணியில் ஒட்டும், பயப்பட வேண்டாம். கிளியர் கோட் உள்ள இஞ்சினில் நிறம் துணிக்கு வந்தால் உடனே நிறுத்துங்கள், காப்புப் படலத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

கம்பவுண்டால் இரண்டு மூன்று முறை தேய்த்தும் மங்கல் போகவில்லை என்றால் மட்டும் சேண்ட் பேப்பருக்குப் போங்கள். 1500 நம்பர் தண்ணீர் பேப்பரை ஒரு வாளியில் பத்து நிமிடம் ஊற வைத்து, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, விரலால் அழுத்தாமல் ஒரு ரப்பர் கட்டையில் சுற்றித் தேயுங்கள். அப்புறம் 2000, முடிந்தால் 3000. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்கே தெரியும். இப்போது மூடி முழுக்க மங்கலாக, சாம்பல் பூசியது போல இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். மறுபடி கம்பவுண்ட் போட்டால் நிறம் எழுந்து வரும்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். மூடியின் விளிம்பிலும் மடிப்பிலும் பெயிண்ட் ரொம்ப மெல்லியது. என் முதல் இஞ்சினில் தட்டையான இடத்தைத் தேய்த்த அதே வேகத்தில் விளிம்பையும் தேய்த்துவிட்டேன், பத்து நொடியில் அடிப்பூச்சான பிரைமர் தெரிந்தது, அந்த ஒரு விரல் நீளத்துக்காக மூடி முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தது. அதிலிருந்து விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டுத்தான் பேப்பரைத் தொடுகிறேன், கடைசியில் டேப்பை எடுத்து அந்த இடத்தை வெறும் பாலிஷால் மட்டும் துடைக்கிறேன்.

மெஷின் வாங்குபவர்கள் ஒரே அச்சில் சுற்றும் மெஷினை வாங்காமல், சுற்றிக்கொண்டே ஆடும் டிஏ மெஷினை வாங்குங்கள், புதியவர் கையில் அது பெயிண்டைச் சுடாது. 15 குதிரைச்சக்தி மூடிக்கு மெஷினே தேவையில்லை, கையாலேயே இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கடைசியாக வேக்ஸ், மெல்லிசாக, காய்ந்ததும் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். கீழ்ப்பகுதிக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் வேக்ஸைத் தள்ளிவையுங்கள், எல்லாப் பெயிண்ட் வேலையும் முடிந்த பிறகுதான் வேக்ஸ் டப்பாவைத் திறக்க வேண்டும். வேக்ஸில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும், அது பட்ட இடத்தில் பெயிண்ட் மீன் கண் போலக் குழி குழியாக ஒதுங்கும்.

கியர் பெட்டிதான் பெரிய வேலை

மச்சானின் இஞ்சினில் கொப்புளம் ஏன் வந்தது என்பதை கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. முன்னால் வைத்திருந்தவர் ஏதோ ஒரு பட்டறையில் கொடுத்து முழு இஞ்சினுக்கும் பெயிண்ட் அடித்திருக்கிறார், அவர்கள் சிங்க் கட்டிக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். ஆனோட் என்று சொல்லும் அந்தச் சாம்பல் நிறக் கட்டி உப்புத் தண்ணீரில் தானே கரைந்து அலுமினியத்தைக் காப்பாற்றுவதற்காகவே இருப்பது. பெயிண்டால் மூடினால் அதற்குத் தண்ணீர் படாது, அது கரையாது, அதற்குப் பதிலாக கியர் பெட்டி கரையும். பழைய இஞ்சினில் சிங்க் கட்டி புதிது போல முழுசாக இருப்பதைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள், ஜெட்டியில் கிபாஸ் என்று சொல்வார்கள். அதற்குப் பின்னால் தண்டில் தூண்டில் நைலான் சுற்றியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பினாங்குப் பாலத் தூண்களுக்குப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்களின் இஞ்சினில் நைலான் சுற்றுவது சாதாரணம், அது ஆயில் சீலை அறுத்து கியர் பெட்டிக்குள் தண்ணீரை விட்டுவிடும். கியர் ஆயில் பால் டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் பெயிண்டை மறந்துவிட்டு முதலில் சீலை மாற்றுங்கள்.

பிறகு கொப்புளம் உள்ள இடங்களை 120 நம்பர் பேப்பரால் சுத்தமான உலோகம் தெரியும் வரை தேய்த்து, சுற்றியுள்ள நல்ல பெயிண்டின் ஓரத்தை 320-ஆல் சரிவாக்குங்கள், விரல் வைத்தால் படி தட்டக்கூடாது. குழிக்குள் வெள்ளைப் பவுடர் ஒரு துளி மிஞ்சினாலும் அங்கிருந்து மறுபடி கொப்புளிக்கும். இரும்புப் பிரஷ், இரும்புப் பஞ்சு இரண்டும் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து உப்பு பட்டதும் அங்கேயே அரிக்கத் தொடங்கும். நைலான் தேய்ப்பான் போதும்.

தேய்த்து முடித்ததும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதே நாளில், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், அலுமினியத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் செல்ஃப் எட்ச் பிரைமரை மெல்லிசாக அடிக்க வேண்டும். சாதாரண பிரைமர் அலுமினியத்தில் பிடிக்காது. சிங்க் கட்டி, அது உட்காரும் இடம், தண்ணீர் உறிஞ்சும் ஓட்டைகள், புரொப்பெல்லர் தண்டு எல்லாவற்றையும் டேப்பால் மூடிவிட்டுத்தான் ஸ்பிரேயை எடுக்க வேண்டும். நிறம் ஒரே தடவையில் தடிமனாக வேண்டாம், மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது டின்னிலேயே இருக்கும். அதன் மேல் கிளியர் கோட்.

ஹார்ட்னர் கலந்து இறுகும் டூ-கே கிளியர் பெட்ரோல் பட்டாலும் தாங்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண முகக்கவசம் போதாது, ஆர்கானிக் வேப்பர் ஃபில்டரோடு துகள் ஃபில்டரும் சேர்ந்த மாஸ்க், கையுறை, கண்ணாடி, திறந்த இடம், பக்கத்தில் குழந்தைகள் இல்லாத நேரம். இவ்வளவும் முடியாது என்றால் ஹார்ட்னர் இல்லாத சாதாரண ஒன்-கே கிளியரையே அடியுங்கள், கொஞ்சம் சீக்கிரம் மங்கும், அவ்வளவுதான்.

மழை பெய்து ஓய்ந்த மாலையில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் கிளியர் கோட் பால் போல வெளுத்துவிடும். காலை பத்து மணிக்கு மேல், தரை காய்ந்த பிறகு அடிப்பது நல்லது. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி இதற்கு ஏற்ற மாதங்கள், செப்டம்பர், அக்டோபரில் மழையோடு போராட வேண்டியிருக்கும்.

போட்டைத் தண்ணீரிலேயே விட்டு வைப்பவர்கள் சிப்பி ஒட்டாத பெயிண்ட் அடிக்க நினைப்பார்கள். செம்பு கலந்ததை அலுமினிய கியர் பெட்டியில் அடிக்கவே கூடாது, செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் அழியும். செம்பு இல்லாதது என்று டின்னில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

திரும்பப் பூட்டும்போது

சிங்க் கட்டி பாதி கரைந்திருந்தால் புதிது போடுங்கள், அது உட்காரும் இடத்தை வெறும் உலோகமாகத் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள். உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் அது வேலை செய்யும். புரொப்பெல்லர் தண்டிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்குருக்களிலும் மெரின் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை கழற்றும்போது உடையாமல் வரும். பெயிண்ட் முழுசாக இறுக ஒரு வாரம் விட்டுவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோங்கள். போய் வந்த ஒவ்வொரு முறையும் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி, வெளியே துடைத்து, காற்றோட்டமுள்ள துணி உறையைப் போடுங்கள். பிளாஸ்டிக் கித்தானைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து ஈரம் தங்கும்.

மார்ச் கடைசியில் மச்சான் பினாங்குத் தீவில் இருக்கும் பத்து மாவுங் என்ற ஊரிலிருந்து போன் பண்ணினார். "மச்சான், புதுசாப் போட்ட சிங்க் கட்டி அதுக்குள்ள குழி குழியா கரையுது, பெயிண்ட் என்னமோ ஆயிடுச்சா பாருங்க" என்று பதற்றமாகக் கேட்டார். கியர் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு கொப்புளம் கூட இல்லை.