அம்பாசடர் இன்ஜினைத் தூக்கும் முன்

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் பட்டறை வைத்து 28 வருடமாகிறது. தாத்தா ஓட்டிய அம்பாசடரைக் கொட்டகையிலிருந்து இழுத்து வரும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, இந்த இன்ஜினைத் தூக்கிட்டு புதுசா ஒண்ணு வெச்சுடலாமா?" ஏன் என்றால், "சேலம் போயிட்டு வரும்போது தொப்பூர் ஏத்தத்துல நின்னு போகுது" என்பார்கள். நிற்பதற்கு இன்ஜின்தான் காரணமா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏற்றத்தில் நின்றால் பானெட்டைத் திறந்து, பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் ஏசி பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அதற்கப்புறம் ஸ்டார்ட் ஆனால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனில் நின்றிருக்கிறது. இன்ஜின் மேல் குற்றமில்லை. பெட்ரோல் லைனை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள். ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்பு பாறை மாதிரி பிடித்திருக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது கெடுத்துவிடும். பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு, ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்தது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக நிற்கிறது என்பது. இன்ஜின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் காட்டும் கேஜை வையுங்கள். நாலும் குறையாமல், ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் அந்த இன்ஜினைத் தொடாதீர்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ். வால்வ் என்றால் ஹெட்டை லேத்துக்கு அனுப்பும்போதே வால்வ் உட்காரும் இடத்தில் கெட்டியான சீட் போடச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனதிலிருந்து, பழைய இரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் சீக்கிரம் குழிந்துவிடுகிறது. சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) பிஸ்டன், ரிங் மாற்றினாலும் அந்த 1489 சிசி இன்ஜின் அதே பழைய குணத்தோடு, அவசரமில்லாமல் இழுக்கும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்.

இல்லை, மாற்றியே தீருவேன் என்றால் முதலில் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. ஆர்டிஓ ஆபீசில் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி அதை வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரியானவற்றுக்கு எடுக்கலாம். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் மூன்றும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும். இன்ஜினை மாற்றினால் இந்த வழி அடைபடும்.

அனுமதி கிடைத்துவிட்டது, சரி. அப்போது இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜினைத் தேடுங்கள். தொண்ணூறுகளில் கம்பெனியே அம்பாசடரில் ஐந்து கியரோடு அதை வைத்து விற்றது. கியர்பாக்ஸ், ரேடியேட்டர், மவுண்டிங், வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வாங்குங்கள். துண்டு துண்டாகச் சேர்த்தால் பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டு போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்திலிருந்து ஸ்பீடாமீட்டர் கேபிள் வரை ஒவ்வொன்றும் மல்லுக்கு நிற்கும். புது இன்ஜினை வண்டியில் இறக்கும் முன் பிரேக் வேலையை முடியுங்கள். பழைய வண்டியில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். வேகத்தைக் கூட்டிவிட்டு தொப்பூர் இறக்கத்தில் அந்த டிரம்மை நம்பி இறங்கக் கூடாது.

வெட்டாதீர்கள், வெல்டிங் வேண்டாம், போல்ட்டில் நிற்கிற மாதிரி செய்யுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாத்தியாரின் ஃபியட்டில் டீசல் இன்ஜின் வைக்க இன்ஜினுக்கு அடியில் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரை நானே கேஸ் கட்டரால் வெட்டினேன். வெயிட் தாங்காமல் முன்பக்கம் அமுங்கிவிட்டது. பழைய இன்ஜினை இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டதும் நான்தான். பல வருடம் கழித்து அவருடைய மகள் வந்து, "அப்பா ஓட்டின மாதிரியே ஆக்கித் தர முடியுமா?" என்று கேட்டபோது என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. இன்றும் அந்தப் பெண்ணின் முகம் கண்ணில் நிற்கிறது.

அதனால் கழற்றிய இன்ஜினை மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள். பிளக் ஓட்டை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு பிளக்கைத் திரும்பப் போடுங்கள். கார்புரேட்டர் வாய், எக்ஸாஸ்ட் வாய் இரண்டையும் எலி நுழையாமல் தகடு வைத்து மூடுங்கள். மாதம் ஒரு தடவை கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். இன்ஜின் நம்பரைப் போட்டோ எடுத்து, ஆர்சி நகலோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அதிலேயே கட்டி வையுங்கள்.